சுவரில் எழுதிய நோக்கமும் சம்பளத்தில் எழுதிய நோக்கமும்

அவையோருக்கு வணக்கம். உங்கள் நிறுவனத்தின் நோக்கம் என்ன என்று கேட்டால் பலரும் வரவேற்பறைச் சுவரைக் காட்டுவார்கள். நான் பார்க்க விரும்புவது ஊக்கத்தொகைக் கணக்கை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி வாடிக்கையாளர் நலனைப் பற்றி நிறையப் பேசியது. ஊழியருக்குக் கொடுத்த இலக்கோ, ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுச் சேவைகள்! இலக்கை அடையாதவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் முளைத்தன. 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். அத்தனை பேருமா பிறவி ஏமாற்றுக்காரர்கள்? இலக்கை வகுத்தவர்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே விற்பனை எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊக்கத்தொகை தராதீர்கள். விற்றது ஆறு மாதம் கழித்தும் பயன்பாட்டில் இருக்கிறதா, புகார் எத்தனை என்று பார்த்துத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திக் கொடுங்கள். முறைகேட்டைச் சொல்ல வருகிறவரின் கடிதம் அவருடைய மேலாளர் மேசைக்கே போனால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். அது இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்கு நேரே போகட்டும்.

கொள்முதல் பிரிவை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கை, கூடுதல் நேர வேலை கூடாது என்று சப்ளையரிடம் கையெழுத்து வாங்குகிறது. மறு கை விலையைக் குறைத்து, கடைசி வாரத்தில் ஆர்டரை மாற்றி, பணத்தை 90 நாள் இழுத்தடிக்கிறது. பிறகு அந்தத் தொழிற்சாலையில் ஆய்வாளருக்கு ஒரு வருகைப் பதிவேடு, உண்மைக்கு இன்னொன்று என்று இருந்தால் வியப்பென்ன? கொள்முதல் அலுவலரை எவ்வளவு விலை குறைத்தார் என்பதோடு, சொன்ன நாளில் பணம் போனதா, உறுதியான ஆர்டரை எத்தனை முறை மாற்றினார் என்பதையும் வைத்து மதிப்பிடுங்கள்.

நல்ல தலைவர் ஒருவர் கிடைத்தால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். பிரான்சின் டானோன் உணவு நிறுவனம் 2020இல் சமூக நோக்கத்தைத் தன் சாசனத்திலேயே எழுதியது; பங்குதாரர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு. மறு ஆண்டே, லாபம் போதவில்லை என்ற நெருக்கடியில், அதை முன்னின்று நடத்திய தலைவர் எம்மானுவேல் ஃபாபர் நீக்கப்பட்டார். அமெரிக்க ஆடை நிறுவனமான படகோனியாவின் நிறுவனர் குடும்பம் 2022இல் உடைமையையே மாற்றியது: வாக்குரிமையுள்ள 2 விழுக்காட்டுப் பங்குகள் ஓர் அறக்கட்டளைக்கு, வாக்குரிமையற்ற 98 விழுக்காடு சூழல் காக்கும் லாபநோக்கற்ற அமைப்புக்கு. குடும்பத்தின் கையிலேயே எல்லாப் பங்குகளும் இருந்ததால் அது முடிந்தது. வெளி முதலீட்டாளர் நுழைந்தபின் அதே ஏற்பாட்டுக்கு அவர்கள் ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்படலாம். ஆகவே முதல் முதலீட்டு ஒப்பந்தத்துக்கு முன்பே வழக்கறிஞரோடு உட்காருங்கள்.