நிறையாத கிணறு

நேயர்களுக்கு வணக்கம்.

நெல்லை மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம் ஆயன்குளம் என்றால் இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 2021-ஆம் ஆண்டு ஐப்பசி கார்த்திகை மழையில் குளங்கள் மறுகால் பாய்ந்தபோது, பெருகி வந்த தண்ணீரை அங்கிருந்த ஒரு தோட்டக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் ஆறு மாதிரி விழுந்தது. ஒரு நாள் விழுந்தது, ஒரு வாரம் விழுந்தது, அதற்கு மேலும் விழுந்தது. கிணறு நிறையவில்லை. பார்க்க வந்த கூட்டத்தில் சிலர் அடியில் கடலுக்குச் சுரங்கம் போகிறது என்றார்கள். சிலர் தெய்வச் செயல் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பிறகு சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஒரு குழு வந்து ஆராய்ந்தது. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, அதைத் தண்ணீரே அரித்து உண்டாக்கிய குகை வழிகள், அந்த வழியாகத்தான் தண்ணீர் பரவிப் போகிறது என்றார்கள். உடனே ஒரு பேச்சும் கிளம்பியது. "இவ்வளவுதானா? வெறும் சுண்ணாம்புப் பாறையா?"

அந்த "வெறும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். விஞ்ஞானம் விளக்கம் சொன்னால் அதிசயம் போய்விடுகிறது என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அதிசயத்தைக் கொல்வது விளக்கம் இல்லை. விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதி இடத்தில் "வெறும்" என்று எழுதி மூடிவிடுகிறோமே, அதுதான் கொல்கிறது.

காகிதம் பென்சில் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிணறு 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அது கொள்வது 15 லட்சம் லிட்டர். நொடிக்கு 1,000 லிட்டர், அதாவது சுமார் 35 கன அடி தண்ணீர் அதில் விழுந்தால், 25 நிமிடத்தில் விளிம்பு தட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க விழுந்தால் 8 கோடியே 64 லட்சம் லிட்டர். இந்த அளவில் 57 கிணறுகளை நிரப்பிவிட்டு மிச்சமும் இருக்கும். இதையெல்லாம் ஒரே கிணறு வாங்கிக்கொள்கிறது என்றால் அது கிணறே இல்லை, ஒரு பெரிய வீட்டின் வாசல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டைக் கட்டியது யார்?

மழைத்துளி காற்றில் வரும்போதே கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மட்கும் இலை தழையும் விடும் வாயு இன்னும் அதிகமாகச் சேர்கிறது. சோடாவில் இருக்கிற அதே அமிலம்தான், மிக மிக மெல்லியது. இது சுண்ணாம்புப் பாறையின் மயிரிழைக் கீறலில் நுழைந்து பாறையைக் கரைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 200 மில்லிகிராம் கரைக்கும் என்று வைத்தால், 1 கிலோ பாறை கரைய 5,000 லிட்டர் வேண்டும். ஒரு கன மீட்டர் பாறையின் எடை ஏறத்தாழ 2,500 கிலோ. ஆக, ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு ஒரு பொந்து உண்டாக 1 கோடியே 25 லட்சம் லிட்டர் மழை அந்த வழியாகப் போயிருக்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கிற ராதாபுரம் சீமையில்! உடைமரமும் பனையும் மட்டும் நிற்கிற அந்தச் செம்மண் காட்டுக்கு அடியில், மனுஷன் பிறப்பதற்கு முன்னால் பெய்த மழையெல்லாம் தன் கணக்கை எழுதி வைத்திருக்கலாம். இதைக் கேட்ட பிறகும் ஒருவர் "வெறும் பாறை" என்பாரா?

பாறை சுண்ணாம்பா என்று பார்ப்பது சுலபம். நம் பக்கத்துக் கிணறு வெட்டுகிறவர்கள் சுக்காம்பாறை என்று சொல்வார்களே, அதில் ஒரு துண்டை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ நாலு சொட்டு விடுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டால் உடனே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் இடித்துப் பொடியாக்கி அதன் மேல் விட்டுப் பாருங்கள். பழைய, தூசி படிந்த மேற்பரப்பில் விட்டால் பல நேரம் ஏமாற்றும்.

விளக்கம் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கிணற்றைப் பற்றிக் கவலையும் வரும். மணலில் இறங்கும் தண்ணீர் வடிகட்டப்படும். குகை வழியில் வடிகட்டலே கிடையாது. மேலே ஆட்டுப் புழுக்கை, பூச்சிமருந்து, சாக்கடை எது விழுந்தாலும் அப்படியே போய்ப் பல ஊர்களின் குடிதண்ணீரில் சேரும். இரண்டாவது தொல்லை வண்டல். செம்மண் கரைசலை நேராக உள்ளே விட்டால், ஆயிரம் ஆயிரம் வருஷமாக அரித்த வழியை நாலு மழையில் தூர்த்துவிடலாம். நொடிக்கு 100 லிட்டர் வருகிற ஓடை என்றால், கிணற்றுக்கு முன்னால் 10 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்டல் தொட்டி வேண்டும். அதில் குறுமணல் வரைக்கும் படிந்துவிடும், களி படியாது. அதனால் முதல் மழையின் கலங்கல் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமே விடாமல் வேறு வழியில் தள்ளிவிட்டு, தெளிந்து வரும் தண்ணீரை மட்டும் திருப்ப வேண்டும். மூன்றாவது, விளிம்பில் இருந்து தண்ணீர் நேராகப் பக்கச் சுவரில் மோதினால் சுவர் அடியோடு சரியும். குழாய் போட்டுக் கிணற்றின் நடுவில் கொண்டுபோய் விட வேண்டும். தெய்வச் செயல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தொட்டி கட்ட யாருக்கும் தோன்றாது.

கடற்கரைக்கு வருவோம். திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போகாத நெல்லைக்காரர் உண்டா? கடல் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஓர் அடிச் சதுரத்தில் ஒரு சின்னக் கிணறு, அதில் நல்ல தண்ணீர். சூரனை வென்ற பிறகு படைவீரர்களின் தாகம் தீர முருகன் வேலால் உண்டாக்கினான் என்பது ஐதீகம். அந்த ஐதீகத்தில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த இடத்தில் நடக்கிற வேலையை மட்டும் சொல்கிறேன்.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது. நல்ல தண்ணீர் 1,000 கிலோ என்றால் அதே அளவு கடல்நீர் 1,025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசம்தான் எல்லாம். கரையோர மணல்மேட்டில் பெய்த மழை கீழே இறங்கி, உப்புநீரோடு எளிதில் கலக்காமல் அதன் மேலே மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். ஆழம் குறைந்த, நிதானமாக இறைக்கிற கிணறு அந்த மேல்படலத்தை மட்டும் எடுக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் 100 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு சொட்டுப் பேனா மை. கடலில் 100 மில்லிக்கு மூன்றரை கிராம் உப்புதான், ஆனால் கண்ணுக்குத் தெளிவாகப் பிரிய கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். நன்றாகக் கலக்கி, கலங்கல் அடங்கும் வரை விடுங்கள். இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர். ஒரு கரண்டியைக் கவிழ்த்து உப்புநீரின் முகத்தில் தொடும்படி பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரைச் சன்னமாக வார்க்க வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் இரண்டும் கலந்து காரியம் கெடும். சரியாக வார்த்தால் கீழே நீலம், மேலே பளிங்கு, நடுவில் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை. இப்போது ஒரு ஸ்ட்ராவை மேல்படலத்தில் லேசாக நுழைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். தெளிந்த தண்ணீர் வரும். எல்லைக்குச் சற்று மேலே நுனியை வைத்து வேகமாக இழுங்கள். நீலம் ஒரு கூம்பு மாதிரி எழும்பி ஸ்ட்ராவுக்குள் வந்துவிடும்.

உவரியிலும் மணப்பாட்டிலும் கரையோரம் ஆழ்துளை போட்டு, பெரிய மோட்டாரை இரவு பகலாக ஓட்டினால் நடப்பது இதேதான். மேல் மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நீடித்தால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். 100 குடம் நல்ல தண்ணீரில் 3 குடம் கடல்நீர் சேர்ந்தாலே லிட்டருக்கு 1 கிராம் உப்பு. ஒருமுறை உப்பேறிய இடம் தெளியப் பல மழைக்காலம் பிடிக்கும். நாழி என்பது நம் ஊரில் அளக்கிற படி. அந்தக் கிணற்றுக்கு அளவின் பெயர் அமைந்திருப்பதை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கும். அளந்து எடுக்கிறவரைக்கும்தான் அது இனிக்கும்.

இயற்கையை விட்டு மனிதன் செய்ததற்கும் ஒரு வார்த்தை. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் ஒரே கல்லில் நடுவே பெரிய தூணும், சுற்றிலும் 48 சிறு தூண்களுமாக நிற்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு நாதம். உள்ளே கூடு இருக்கிறது, வேறு உலோகம் இருக்கிறது என்றெல்லாம் இசைத்தூண்களைப் பற்றிச் சொல்வதுண்டு. ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் மீயொலி, அதாவது காதுக்கு எட்டாத ஒலி செலுத்திச் சோதித்தபோது கெட்டிக் கல் என்றுதான் தெரிந்தது. இரண்டு முனையும் பிடிபட்ட ஒரு கல்தண்டு வளைந்து அதிர்கிறது, அவ்வளவே.

அந்த "அவ்வளவே"க்குள் என்ன இருக்கிறது பாருங்கள். தண்டின் நீளம் பாதியானால் சுருதி நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி மேலே போகும். தடிமன் குறைந்தால் அதே விகிதத்தில் சுருதி இறங்கும். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் அதிர்வில் சுமார் 6 சதவீத வித்தியாசம். தண்டின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால், அந்த விட்டத்தில் 3 மில்லிமீட்டர் குறையும்படி கூடுதலாகச் செதுக்கினால் ஒரு முழுச் சுரத்தானம் இறங்கிவிடும். செதுக்கியதை ஒட்டவும் முடியாது. எல்லாம் ஒரே கல் என்பதால் கெட்டுப்போன தண்டை மாற்றவும் வழியில்லை. 47 தண்டு சரியாக வந்து 48-ஆவதில் உளி சறுக்கினால் மொத்த வேலையும் போச்சு. கல்லுக்குள் மயிரிழை வெடிப்பு இருந்தால் நாதம் மங்கிச் சொத்தென்று கேட்கும். அதைத் தட்டிப் பார்த்துக் கல்லைத் தேர்ந்தெடுத்த அந்தச் சிற்பியின் காதை நினைத்துப் பாருங்கள். மந்திரத்தால் பாடுகிறது என்று சொன்னால் அந்த மனிதனுக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது. சாவியாலும் நாணயத்தாலும் அதைத் தட்டுகிறவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுங்கள். ஒவ்வொரு தட்டலும் ஒரு பொடியளவாவது எடுக்கும்.

மறுபடி ஆயன்குளத்துக்கு வருகிறேன். உள்ளே போன தண்ணீர் எந்தெந்தக் கிணற்றில் எத்தனை நாள் கழித்து ஏறுகிறது என்பதைச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளால் எளிதாகக் கண்டுபிடிக்க முடியும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் பெயிண்டால் ஓர் அடையாளம் வையுங்கள், எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது அளந்தால் கணக்குத் தப்பும். விடியற்காலையில், மோட்டார் நின்று நாலைந்து மணி நேரம் ஆனபிறகு, தண்ணீர் எத்தனை முடிச்சில் நிற்கிறது என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். உப்பளவு பார்க்கும் சின்ன மீட்டர் கிடைத்தால் அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் உயர்ந்து உப்பும் இறங்கினால், புது மழைத்தண்ணீர் உங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டது என்று பொருள். உங்கள் ஊரில் பெய்யாத நாளில் அப்படி ஏறினால், அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். தண்ணீர் வேறு எங்கிருந்தோ பூமிக்குள் நடந்து வந்திருக்கிறது.

ஐப்பசி பிறக்குமுன் கயிற்றில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.