பருத்திக்கு வந்தது நோயல்ல

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேளாண்மை உதவி இயக்குநர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர்களே, உழவர் பெருமக்களே, வணக்கம்.

தண்டை ஒளியை நோக்கி வளைப்பதும் வேரைக் கீழே போக வைப்பதும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். அது செடிக்குள் எப்படிப் பயணிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று எல்லா மேடையிலும் சொல்வேன். ஆக்சினுக்கு அது அப்படியே பொருந்தும்.

புல் நாற்றின் நுனியை மூடினால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை என்று 1880-இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் எழுதினார்கள். நுனியிலிருந்து இறங்கும் அந்தச் சரக்குதான் ஆக்சின். செல்லுக்குள் நுழைந்ததும் அது மின்னேற்றம் பெற்றுவிடும். தானாக வெளியேற முடியாது. செல் சவ்வில் உள்ள 'பின்' புரதங்களே வெளியேறும் கதவுகள். கதவு எந்தப் பக்கமோ, ஆக்சின் அந்தப் பக்கம் போகும். செடி இந்தக் கதவுகளை உள்ளே இழுத்து வேறு பக்கம் வைத்துக்கொள்ளும். பினாய்டு என்ற நொதி கதவில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டை ஒட்டினால் ஒரு பக்கம், இன்னொரு நொதி அதைக் கழற்றினால் மறுபக்கம். 'பின் 1' என்ற கதவு பழுதான அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின் தண்டு பூவே இல்லாமல் மொட்டையாக நிற்கும்.

சரி, இது நமக்கு எதற்கு?

பக்கத்துக் காட்டு மாமா மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்தார். டேங்கில் தண்ணீர் விட்டு ஒரு தடவை அலசிவிட்டு, அதிலேயே பருத்திக்குப் பூச்சி மருந்தும் அடித்தார். சில நாளில் கொழுந்தெல்லாம் விரல் விரலாகச் சுருங்கி வெண்டை இலை மாதிரி ஆகிவிட்டது. "வைரஸ் வந்துருச்சு மாப்பிள்ளை!" என்று மருந்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். மாமா அதையும் அதே டேங்கில் கலந்து அடித்தார்! இன்னும் சுருங்கியது. அத்தை, "உங்க கை பட்டாலே செடி சுருங்குது" என்றார். அடுத்த கடை, அடுத்த டப்பா. நான் போய், "மாமா, டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்க" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

2,4-டியும் ஒரு செயற்கை ஆக்சின். செல்லுக்குள் சுலபமாகப் போகும். ஆனால் 'பின்' கதவுகள் அதைச் சரியாக வெளியேற்றுவதில்லை. உள்ளேயே சேரும். மக்காச்சோளம் போன்ற புல்லினம் அதைத் தாங்கும், பருத்தி தாங்காது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பருத்திக்கோ டேங்கில் ஒட்டியிருக்கும் மிச்சமே மிஞ்சிய அளவுதான்.

ஆகவே தலைவர் அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். களைக்கொல்லிக்கென்றே சிவப்புப் பெயின்ட் அடித்த தனித் தெளிப்பான்கள் சிலவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாடகைக்கு வைக்க வேண்டும். காற்று வீசும்போது 2,4-டி அடிக்கக் கூடாது என்று கிராமசபையில் தீர்மானமும் போட வேண்டும். பருத்தி விதைப்புக்கு முன்பே இரண்டும் நடக்க வேண்டும். உதவி இயக்குநர் ஐயா கையோடு ஒப்புதல் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.