பெர்லினா லண்டனா? எம்.ஜே. கோபாலன் கதை

வணக்கம் மக்களே, இப்ப நான் சேப்பாக்கம் ஸ்டேடியம் வாசல்ல, வாலாஜா ரோடு பக்கம் நிக்கிறேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேக்கும், கண்டுக்காதீங்க.

1934 நவம்பர் 4. இதே கிரவுண்டு. மெட்ராஸுக்கும் மைசூருக்கும் மேட்ச். மாநில டீம்கள் மோதுற உள்நாட்டு கிரிக்கெட் போட்டி, இன்னைக்கு ரஞ்சி ட்ராபின்னு சொல்றோமே, அதோட மொத மேட்ச் அதுதான், அதுல மொத பந்து போட்டவர் நம்ம எம்.ஜே. கோபாலன். மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59, அவ்ளோதான், ஒரே நாள்ல கதை முடிஞ்சிருச்சு. ஏ.ஜி. ராம்சிங் ஒருத்தரே 11 விக்கெட். பாவம் மைசூர்காரங்க, சாயங்காலமே மூட்டை கட்டிட்டாங்க.

சி.பி. ஜான்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர், அவரும் மெட்ராஸுக்கு ஆடினவர்தான், கோபாலன் பவுலிங்கைப் பாத்துட்டு பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனில வேலை வாங்கிக் குடுத்தார். 1934 ஜனவரில கல்கத்தா ஈடன் கார்டன்ல இங்கிலாந்துக்கு எதிரா டெஸ்ட் ஆடுறார், ஒரு விக்கெட். அடுத்த வருஷமே மட்டையை மாத்திக்கிட்டு, ஹாக்கி ஜாம்பவான் தியான்சந்த் கூட நியூசிலாந்துக்கு ஹாக்கி டூர் போறார்! ரெண்டு ஆட்டத்துலயும் இந்தியா டீம், இப்ப யாராச்சும் யோசிச்சுப் பாக்க முடியுமா?

சிக்கல் 1936ல வருது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி ட்ரயல்ஸ், இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் டூர், ரெண்டும் ஒரே சீசன். மனுஷன் கிரிக்கெட்டைப் பிடிச்சார். விஜ்ஜின்னு கூப்பிடுற விஜயநகரம் மகாராஜ்குமார் கேப்டனா போன டூர் அது, உள்ளயே ஏகப்பட்ட சண்டை, டீம்ல இருந்த லாலா அமர்நாத்தை பாதியிலயே ஊருக்கு அனுப்பிட்டாங்க. கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் கூட கிடைக்கல.

இப்ப தேதியைப் பாருங்க. ஆகஸ்ட் 15, பெர்லின்ல ஹாக்கி ஃபைனல், ஜெர்மனியை 8-1ன்னு நொறுக்கி இந்தியாவுக்குத் தங்கம். அதே ஆகஸ்ட் 15தான் லண்டன் ஓவல்ல கடைசி டெஸ்ட் ஆரம்பிக்குது, பதினோரு பேர்ல கோபாலன் பேர் இல்ல.

"தப்பா செலக்ட் பண்ணிட்டாரு"ன்னு எல்லாரும் உச்சு கொட்டுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஏற்கெனவே டெஸ்ட் ஆடின ஒரு ஃபாஸ்ட் பவுலர், இங்கிலாந்து பிட்ச்ல பந்து போட கூப்பிட்டா விடுவானா? நீங்களா இருந்தாலும் கப்பல் ஏறியிருப்பீங்க.

அப்புறம் நேஷனல் செலக்டர் ஆனார். 1950கள்ல மெட்ராஸ், சிலோன் (இன்னைக்கு இலங்கை) ரெண்டு டீமும் ஆடுற போட்டிக்கு கோபாலன் ட்ராபின்னு இவர் பேரையே வச்சாங்க, அப்ப சிலோனுக்கு டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. 2003 டிசம்பர் வரைக்கும், 94 வயசு, இதே ஊர்லதான் இருந்தார்.

சரி, செக்யூரிட்டி அண்ணன் ரெண்டாவது தடவையா முறைக்கிறார், கிளம்புறேன்.