ஹிட்லர் கையில சிக்கின ரோஸ் முயல்

[திரையில்: பெர்லின், மார்ச் 1933. பாதி அடுக்கின ஒரு பெட்டி.]

ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒன்பது வயசு அன்னா ஒரே ஒரு பொம்மைதான் எடுத்துக்கலாம். பழைய ரோஸ் கலர் முயலா, புதுசா வந்த நாயா? முயலோட கண்ணாடிக் கண்ணு எப்பவோ விழுந்துபோய், கறுப்பு நூல்ல தைச்சிருக்கு. அதுமேல அவளுக்கு உசிரு. ஆனா புது நாயோட இன்னும் சரியா விளையாடவே இல்லையே! நாயை எடுத்துக்கறா. முயல் பின்னாடி சாமான்களோட வந்துடும்னு நினைப்பு.

வரல. வீட்டுல இருந்ததை எல்லாம் நாஜிகள் பறிமுதல் பண்ணிட்டாங்க. ஹிட்லர் அந்த ரோஸ் முயலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி அன்னா கற்பனை பண்ணிப் பார்க்கறா.

ஜூடித் கெர் 1971-ல எழுதின 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' நாவல் இது. பெரும்பாலும் அவங்க சொந்தக் கதை.

[திரையில்: ஆல்ஃபிரட் கெர்]

ஜூடித்தோட அப்பா ஆல்ஃபிரட் கெர், பெர்லின்ல பேர்போன நாடக விமர்சகர். யூதர், ஹிட்லரை வெளிப்படையா எதிர்த்தவர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கப் போறாங்கன்னு ஒரு போலீஸ்காரரே ரகசியமா எச்சரிக்க, காய்ச்சலோட எழுந்து ப்ராக் போயிட்டார். மார்ச் 5 தேர்தலுக்கு முன்னாடியே மனைவி, பிள்ளைகள் சுவிட்சர்லாந்து சேர்ந்தாங்க. கொஞ்சம் தயங்கியிருந்தா மாட்டியிருப்பாங்க. மே 10-ல பெர்லின்ல கொளுத்தின புத்தகங்கள்ல அவரோடதும் இருந்துச்சு.

இந்த நாவல்ல வதைமுகாம் வராது, குண்டுவீச்சு வராது. அப்போ எதுக்குப் படிக்கணும்னு தோணலாம். என்னைக் கேட்டா, இதோட பலமே அங்கதான் இருக்கு. நடக்கறது அன்னாவுக்குப் பாதிதான் புரியுது. மீதி, படிக்கற நமக்குத் தெரியும். அந்த இடைவெளியிலதான் பயம் உட்கார்ந்திருக்கு.

அப்பா தலைக்கு ஆயிரம் மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) விலை வெச்சிருக்காங்கன்னு அவ காதுல விழுது. அவ அதை அப்படியே எடுத்துக்கறா: அப்பா தலைமேல மேல இருந்து காசு கொட்டுது, கொட்டிக்கிட்டே இருக்கு! பெரியவங்க யாராவது விளக்கிச் சொல்லியிருந்தா அந்தக் காட்சி நமக்குக் கிடைச்சிருக்காது. இன்னொரு இடத்துல, சுவிட்சர்லாந்துக்கு விடுமுறைக்கு வந்த ஜெர்மன் குடும்பம் ஒண்ணு, அன்னாவோடயும் அண்ணன் மாக்ஸோடயும் விளையாடக் கூடாதுன்னு தங்களோட பிள்ளைகளைத் தடுக்குது. யூதக் குழந்தைங்க, அவ்வளவுதான் காரணம்.

[திரையில்: குரங்குக் கூண்டு]

கனமான பகுதின்னா ஜூலியஸ் மாமாதான். ஜெர்மனியிலேயே தங்கிட்ட குடும்ப நண்பர். இந்தக் கூத்தெல்லாம் சீக்கிரம் அடங்கிடும்னு நம்பினவர். மியூசியம் வேலை பறிபோகுது. மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் மிருகக்காட்சிசாலைக் குரங்குகள். கடைசியில அங்க போற அனுமதிச் சீட்டையும் பிடுங்கிடறாங்க. அதுக்கப்புறம் அவர் உயிரோட இருக்க விரும்பல. கெர் இதுக்குப் பக்கம் பக்கமா அழுகை எழுதல.

சுவிட்சர்லாந்துல இருந்து குடும்பம் பாரிஸ் போகுது. அந்தப் பகுதி வேற மாதிரி. பணக்கஷ்டம், புது ஸ்கூல். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள்ள ஜெர்மன்ல இருந்து மாத்தி மாத்திச் சோர்ந்துபோற அன்னாவுக்கு, திடீர்னு ஒருநாள் ஃபிரெஞ்சு தானாவே வாயில வந்துடுது. அகதி வாழ்க்கையில இப்படி ஒரு குதூகலமும் உண்டுன்னு எழுத ஒரு தைரியம் வேணும்.

1936-ல நிஜக் குடும்பம் லண்டன் போய்ச் சேர்ந்துச்சு. இந்த நாவலோட ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு, எந்த நாடு துரத்துச்சோ அதே நாட்டோட இளையோர் இலக்கிய விருது 1974-ல கிடைச்சது.

பத்து வயசுப் பிள்ளைங்க தாராளமாப் படிக்கலாம். ஜூலியஸ் மாமா வர்ற இடத்துல மட்டும் வீட்டுல பெரியவங்க யாராவது கூட இருங்க, கேள்வி வரும்.