யார்கூட போறே?

நேயர்களுக்கு வணக்கம். பொம்பளைங்க தனியா ஊர் சுத்துறத பத்தி பேசச் சொன்னா நான் விடிய விடிய பேசுவேன், ஆனா கொஞ்ச நேரந்தான் தருவாங்களாம்.

பொண்ணு பையைத் தூக்கினாலே யார்கூட போறேன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அதுக்கு எங்க தெருப் பொம்பளைங்க ரொம்ப முன்னாடியே பதில் வச்சிருந்தாங்க. மேல்மருவத்தூர். செவப்புப் புடவை, இருமுடி, தைப்பூசம் நெருங்கினா வேன் கிளம்பிடும். மாமியார் தடுக்க மாட்டாங்க, ஏன்னா அவங்களும் அதே வேன்லதான் இருப்பாங்க. நானும் போனேங்க, அத சொல்லியே ஆகணும். தரிசனம் முடிஞ்சதும் ஒரு அக்கா டிரைவர்கிட்ட மெதுவா, "மகாபலிபுரம் வழியா விடேன் தம்பி"ன்னாங்க. அவ்ளோதான், பொழுது சாயுற வரைக்கும் கடல்தான், புடவை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, எங்க பெரியம்மா அலை வர்றப்பல்லாம் போட்ட கூச்சல் இருக்கே! வீட்ல வந்து கோயில்ல செம கூட்டம்னு சொல்லிட்டோம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல.

இப்ப பக்கத்து ஊருக்குப் போக அந்தச் சாக்கு வேணாம். 2021 மே மாசத்துலேருந்து சாதா டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட்டுக்கு காசு கிடையாதே. ஓசின்னு கிண்டல் பண்றவங்க பண்ணட்டும். பஸ்ஸுக்கு காசு குடுங்கன்னு கை நீட்டுறப்பதான எங்க, எதுக்கு, யார்கூடன்னு விசாரணையே ஆரம்பிக்கும்? காசு கேக்க வேணாம்னா பாதி விசாரணை போச்சு. திரும்பவும் சொல்றேன், பாதி போச்சு.

மிச்சப் பாதி கக்கூஸ். சிரிக்காதீங்க. ராத்திரி பஸ் ஏறப் போற பொண்ணு மத்தியானத்துலேருந்தே தண்ணி குடிக்க மாட்டா. பஸ் நிக்கிற மோட்டல்ல முன்னாடி பரோட்டா கல்லு பளபளன்னு இருக்கும், பின்னாடி லேடீஸ் கதவுக்கு தாழ்ப்பா இருக்காது, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கணும். தனியா வந்தவ யாரைப் பிடிக்கச் சொல்லுவா? பாதுகாப்பு பாதுகாப்புன்னு மேடை போட்டுப் பேசுறவங்க மொதல்ல ஒரு தாழ்ப்பா போட்டுக் குடுங்கப்பா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரமாச்சாம். ரயிலைப் பத்தி நெறைய எழுதி வச்சிருந்தேன், ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். தூரம் போற மெயில், எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர்ல 6 பெர்த், தனியா போற பெண்களுக்கும் பெண்கள் மட்டுமே சேந்து போற குரூப்புக்கும் ஒதுக்கியிருக்கு, வயசெல்லாம் பாக்க மாட்டாங்க. புக் பண்றப்ப கோட்டாங்கிற எடத்துல லேடீஸ்னு மாத்தணும். வழியில ஏதும்னா 139க்கு போன் போடுங்க. இதோ முடிச்சுட்டேங்க, வணக்கம்.