டெல்பியைச் சும்மா கொடுத்தால் பிழைக்குமா?

குரல் கேட்கிறதா? சரி. பின்னால் வருவது கொத்தவால்சாவடி மீன்பாடி வண்டிச் சத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் ஒரு மளிகை மொத்தக் கடையிலிருந்து வருகிறேன். அங்கே பில் போடுவது டெல்பி 7-இல் எழுதிய புரோகிராம். டெல்பி என்பது விண்டோஸ் புரோகிராம்கள் எழுத உதவும் மென்பொருள். 2002-இல் வந்த டெல்பி அது. (காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்காதீர்கள்.) 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அதைப் பிரித்து மேய்ந்தவன் நான்தான். அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, டெல்பிக்கு மவுசு போச்சு என்கிறாய். மொத்தத்தையும் திறந்து ஓசியில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?"

டெல்பியை உருவாக்கிய போர்லண்ட் கம்பெனியின் வீட்டிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. அவர்களுடைய இன்டர்பேஸ் டேட்டாபேஸின் சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமர்கள் எழுதிய மூல வரிகளை, 2000-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். படித்துப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். உள்ளே ஒரு ரகசியக் கதவு! பயனர் பெயர் 'பொலிட்டிகலி', கடவுச்சொல் 'கரெக்ட்'. பல வருடங்களாக யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. அப்புறம் போர்லண்ட் இன்டர்பேஸை மறுபடியும் மூடிய வியாபாரச் சரக்காக்கிவிட்டது. ஆனால் வெளியே வந்த கோடு ஃபயர்பேர்டு என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. ஆக, பிழைத்தது கோடு. கம்பெனிக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளைச் சொல்வீர்கள். 2002-இல் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் சோர்ஸ் கோடை மீட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அதை உருவாக்கிய டான் ரோசண்டால் கூடவே இருந்தார். டெல்பியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க் 1996-லேயே மைக்ரோசாஃப்ட் போய், பிறகு சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கினார்.

இன்னொன்று. இலவசம்தான் மருந்து என்றால் டெல்பி மாதிரியே ஓசியில் கிடைக்கும் லசாரஸ் இருக்கிறதே, அதற்கு அடியில் இருக்கும் ஃப்ரீ பாஸ்கல் இருக்கிறதே! அண்ணாச்சி கடை புரோகிராமை லசாரஸுக்கு மாற்ற நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பில் அச்சடிக்கும் காம்பொனென்டில், அதாவது அந்த வேலைக்கென்று தனியாகச் செய்த துண்டில், மாட்டிக்கொண்டேன். அதற்குச் சோர்ஸ் இல்லை, டெல்பி மொழிபெயர்த்து முடித்த டிசியூ கோப்பு மட்டும். டெல்பி 7-க்காகச் செய்த டிசியூவை வேறு பதிப்பு டெல்பிகூட ஏற்காது. நாளைக்கே டெல்பியைத் திறந்துவிட்டாலும் அந்தக் கோப்பு திறக்காது.

அதனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை அப்படியே விர்ச்சுவல் மெஷினில், அதாவது இன்னொரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி கம்ப்யூட்டரில், ஏற்றிவிட்டு வந்தேன்.

அண்ணாச்சிக்கு இதில் பாதி விளங்கவில்லை. "அந்த பில் பகுதியை எழுதின பையன் எங்கே?" என்றார். துபாயில் இருக்கிறாராம். நம்பர் தேடிக்கொண்டிருக்கிறேன்.