கண்ணபுரம் சந்தைக்குக் கிடாரியைக் கொண்டுபோக வேண்டும், என்ன தீனி போடலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வீட்டில் அவர், மனைவி, அம்மா, எட்டாவது படிக்கிற மகள். இரண்டு காங்கேயம் பசு, இன்னும் கன்று போடாத இளம் பசுவாக ஒரு கிடாரி இருக்கிறது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரின்போது கூடுகிற மாட்டுச்சந்தையில் முதல்முறையாக அந்தக் கிடாரியைக் கட்ட வேண்டுமாம். "என்ன தீனி போட்டால் மாடு எடுப்பாகத் தெரியும்? மகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

சரி தம்பி, தீனிக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் கிடாரியைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பது யார்? நீங்கள் மட்டும்தான் என்றால், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

நான் முதல்முறை சந்தைக்குப் போனபோது நல்ல மயிலை (சாம்பல் நிற) கிடாரி ஒன்றைக் கொண்டுபோனேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் அதன் பக்கத்தில் போனதில்லை. என் கூடப்பிறந்த தம்பி கையில் கயிறைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து மேளம் அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்திருக்கிறது. கிடாரி மிரண்டு ஒரே இழுப்பு. தம்பி கயிறை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தான், உள்ளங்கைத் தோல் வழண்டுவிட்டது. கிடாரி முன்னங்கால் மடங்கி விழுந்து முட்டியெல்லாம் சிராய்ப்பு. அன்று முழுக்க ஒருவர்கூட வயது பார்க்க அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. எங்கள் தம்பி கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கன்று பிறந்த வாரத்திலிருந்தே எல்லாருடைய கையும் அதன்மேல் படும். அம்மா கழுத்தடியில் தொங்கும் அலைதாடியைத் தடவிக்கொடுப்பார், பிள்ளைகள் கழுத்தைச் சொறிவார்கள், நான் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பேன். ஆகவே உங்கள் மகள் அம்மிணியைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் கிடாரியை ரோட்டோரம் நடத்திக்கொண்டு போகட்டும், நீங்கள் கூடவே போங்கள். கயிறைக் கையில் சுற்றக் கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இனவிருத்திக்கு வைத்திருக்கும் பொலிகாளை பக்கம் மட்டும் பிள்ளைகளை விடவே வேண்டாம், எவ்வளவு சாதுவான காளையாக இருந்தாலும் சரி. பஸ் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். ஊர்க் கோயிலில் மேளம் அடித்தால் தூரத்தில் கட்டிவைத்துக் கேட்கப் பழக்குங்கள். வண்டியிலும் நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வண்டி ஏறத் தெரியாத மாடு சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே களைத்துவிடும்.

இப்போது தீனி. சந்தைக்கு முந்தின மூன்று மாதத்தில் ஊட்டிப் பெருக்க நினைக்காதீர்கள். மாவுத் தீனியைத் திடீரென்று அதிகமாக வைத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். காங்கேயத்துக்கு நடைதான் அழகு, அந்த நடை கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்துதான் வரும். கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மரத்தடியில் விழுந்த காயைப் பொறுக்கித் தின்று வளர்ந்த மாட்டின் காலையும் குளம்பையும் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பங்குனியில் புல் காய்ந்துவிடும். அப்போது சோளத்தட்டோடு கொஞ்சம் பருத்திக்கொட்டை, கொஞ்சம் தவிடு, தாது உப்பு. அது போதும். சந்தைக்குப் போகிற அன்று எண்ணெய் தடவாதீர்கள், புழுதி அப்பிக்கொள்ளும். குளிப்பாட்டித் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டாலே மினுங்கும். கொம்பை ஆழமாகச் சீவவும் வேண்டாம், உள்ளே உயிர்ப்பகுதி இருக்கிறது, ரத்தம் வந்துவிடும்.

உண்மையில் அங்கே ஆட்கள் நின்று பார்ப்பது கொம்பின் ஜோடி, முதுகு, கால், உடம்பில் மயிர் சுழித்திருக்கிற சுழி. இதெல்லாம் தாய் தகப்பன் கொடுப்பது. காங்கேயத்துக்கு இன்று இருக்கிற பெயரே அப்படித்தான் வந்தது. காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டையின் பரம்பரைத் தலைவரான பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் மந்தையில் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வளர்த்த இனம் இது. நாமும் நம்மால் முடிந்த அளவுக்குப் பொறுக்கத்தான் வேண்டும். பொலிகாளை பார்க்கப் போனால் காளையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறந்த கிடாரிகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். உங்கள் கிடாரிக்குத் தகப்பன் எந்தக் காளையோ, அதையே மறுபடி அதற்குச் சேர்த்துவிடாதீர்கள். பக்கத்தில் வேறு காளை இல்லையென்று நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே மனம் பொறுக்காது.

கணக்கு எழுதுகிற வேலையை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுங்கள். எங்கள் வீட்டில் காலண்டரிலேயே குறித்துவிடுவோம். காலையில் பருவத்துக்குக் கத்தினால் சாயங்காலம் சேர்க்க வேண்டும். 21 நாள் கழித்து மறுபடி கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கத்தாமல் சினை நின்றுவிட்டால் ஒன்பது மாதம் பத்து நாள் எண்ணிக்கொள்ளலாம். கன்று செவலையாக, சிவப்பு நிறத்தில் பிறந்தால் பயப்படாதீர்கள். காங்கேயம் கன்று அப்படித்தான் பிறக்கும், ஆறு மாதவாக்கில் மயிலைக்கு மாறிவிடும்.

கோமாரித் தடுப்பூசியைச் சந்தைக்கு மூன்று வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். முந்தின நாள் போட்டால் பலன் இல்லை. அங்கே பல ஊர் மாடுகள் நிற்கும், தண்ணீருக்கு உங்கள் வாளியையே கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் மற்ற இரண்டு பசுவோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கிடாரி நன்றாக இருந்தால் யாராவது கைமேல் துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்து விலை பேச வருவார்கள். விற்பதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே நாலு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள், அம்மிணியையும் கேளுங்கள். மூன்று மாதம் அந்தக் கயிறைப் பிடித்து நடந்திருக்கும் பிள்ளை, சந்தைக்குள் வந்துதான் அதைத் தெரிந்துகொண்டது என்று ஆகக் கூடாது.

கிடாரி இன்னும் பால்பல்லா, பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டுவிட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. அதை எழுதி அனுப்புங்கள் தம்பி. இப்போதே காளைக்குச் சேர்க்கலாமா, சந்தை முடிந்து சேர்க்கலாமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.